மான் சுட வந்தவர்களின் குடில்கள்

நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனுக்கு வடக்கே நீண்டு கிடக்கிறது டராருவா மலைத்தொடர். 1954-இல் அந்நாட்டின் முதல் வனப் பூங்காவானது. பாம்பு இல்லை, புலி இல்லை, கரடியும் இல்லை. மரங்களில் அறைந்திருக்கும் ஆரஞ்சு முக்கோணங்களைப் பார்த்தபடி நடந்தால் காட்டுக்குள் ஒரு குடில் வந்துவிடும். அடுக்குப் படுக்கைகள், கூரையில் விழும் மழைநீரைப் பிடிக்கும் தொட்டி, பல இடங்களில் விறகடுப்பும் உண்டு. நாடெங்கும் இப்படி 950-க்கும் மேற்பட்ட குடில்களை இயற்கைப் பாதுகாப்புத் துறை பராமரிக்கிறது.

இவற்றில் பல, மலை நடைக்காரர்களை நினைத்துக் கட்டியவை அல்ல. மான் சுடுகிறவர்கள் தங்குவதற்காகக் கட்டியவை.

வௌவாலைத் தவிர அந்த மண்ணுக்கே உரிய தரைவாழ் பாலூட்டி எதுவும் அங்கே இல்லை. ஐரோப்பியக் குடியேறிகள் 19-ஆம் நூற்றாண்டில் வேட்டை இன்பத்துக்காகச் செம்மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். தின்ன ஆளில்லாமல் மான் பெருகியது. காட்டின் கீழ்த்தளச் செடிகள் குறைந்தன. இப்படியே போனால் மண் சரியும், கீழே உள்ள பண்ணைகளை வெள்ளம் கொண்டுபோகும் என்று அரசு பயந்தது. 1930-இல் சம்பளம் கொடுத்துச் சுட ஆட்களை அனுப்பத் தொடங்கியது. 1956-இல் பொறுப்பேற்ற வனத்துறை, அவர்களுக்காகக் குடில்களையும் பாலங்களையும் பாதைகளையும் வரிசையாகப் போட்டது. பிறகு ஹெலிகாப்டரில் வந்த இறைச்சி வியாபாரிகள் மான்களை வெகுவாகக் குறைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மண்சரிவுக்கு முதன்மைக் காரணம் மான் அல்ல என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நிலத்தட்டுகள் மோதி இன்னமும் உயர்ந்துகொண்டிருக்கும் மலை அது. கொட்டும் மழையும் நிலநடுக்கமும் போதும், தானே சரியும். பாவம், மான்மீது கொஞ்சம் கூடுதலாகவே பழி விழுந்துவிட்டது. பாதி தவறிப்போன ஒரு கணிப்பின் புண்ணியத்தில்தான் இன்றைய நடைக்காரர் நனையாமல் தூங்குகிறார்.

அதற்காக மான் நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. நடக்கும்போது கீழ்த்தளத்தைக் கவனியுங்கள். சிவப்புத் திட்டுகள் கொண்ட இலையுடன் ஹொரொபிட்டோ புதர் அடர்ந்து நிற்கும். இலையைக் கடித்தால் மிளகுபோல் நாக்கு எரியும். பாலிகோடியல் என்ற வேதிப்பொருளின் வேலை. மான் அதைத் தொடாது. சுவையான செடிகளை மேய்ந்து தீர்த்த இடத்தில் இதற்குக் கொண்டாட்டம்.

ஆபத்து என்றால் ஆறுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதையே ‘நியூசிலாந்துச் சாவு’ என்றார்கள். செங்குத்தான குட்டை ஆறுகள் என்பதால் பலத்த மழை பெய்தால் சில மணி நேரத்தில் வெள்ளம் ஏறிவிடும். மழை விட்டால் பெரும்பாலும் அதே வேகத்தில் வடியும். ஆகவே அனுபவசாலிகள் கலங்கிய ஆற்றில் இறங்குவதில்லை. ஒருநாள் உணவைக் கூடுதலாகச் சுமந்து வந்து, குடிலிலேயே காத்திருப்பார்கள். அங்குள்ள பதிவேட்டில் அடுத்து எங்கே போகிறோம் என்று எழுதிவைப்பதும் வழக்கம். தேட வேண்டி வந்தால் மீட்புக்குழு முதலில் புரட்டுபவற்றில் அதுவும் ஒன்று.