கலத்தைச் சுற்றியுள்ள வலையும் புற்றுநோயும்

உயர்தர உயிரியல் மாணவியிடம் புற்றுநோய் ஏன் வருகிறது என்று கேட்டால், பரம்பரையலகில் ஏற்படும் விகாரமே காரணம் என்பாள். அது பாதி விடைதான்.

தோலையும் குடலின் உட்புறத்தையும் மார்பகத்தின் பாற்குழாய்களையும் போர்த்தியிருப்பவை மேலணிக் கலங்கள். மனிதருக்கு வரும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை இவற்றிலேதான் தொடங்குகின்றன. கொலாஜன், லமினின் முதலிய புரதங்களால் பின்னப்பட்ட ஒரு வலையின் மீது இக்கலங்கள் அமர்ந்திருக்கின்றன. அந்த வலையே கலப்புறத் தாயம். வீட்டுக்கு அத்திவாரம் போலக் கலங்களைத் தாங்குவது மட்டுமே அதன் வேலை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது.

அந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் முக்கியமானவர், தெஹ்ரானில் பிறந்து அமெரிக்காவின் பேர்க்லி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய மினா பிஸ்ஸெல். கோழிகளில் புற்றுக்கட்டியை உண்டாக்கும் ரவுஸ் வைரசை அவரது குழு கோழி முளையத்தினுள் செலுத்தியது. 1984இல் வெளியான முடிவு வியப்பானது. வைரசின் பரம்பரையலகு இயங்கியபோதும் முளையத்தில் கட்டி தோன்றவில்லை. அதே கலங்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்த்ததும் அவை புற்றுக் கலங்களாக மாறின.

கலம் தாயத்தைப் பற்றிக்கொள்வது இன்டெகிரின் என்னும் புரதங்களால். வெளியே நடப்பதைக் கலத்தினுள் அறிவிப்பவையும் அவையே. லமினின் நிறைந்த கூழில் வளர்த்தால், சாதாரண மார்பகக் கலங்கள் ஒழுங்கான சிறு உருண்டைகளாகி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். புற்றுக் கலங்களோ கண்டபடி குவியும். 1997இல் அதே குழு, புற்றுக் கலங்களின் பீற்றா-1 இன்டெகிரினை ஒரு பிறபொருளெதிரியால் தடுத்தது. அவையும் ஒழுங்கான உருண்டைகளாயின! விகாரங்கள் அப்படியே இருந்தன, நடத்தைதான் மாறியது. கலங்களைப் பிரித்துப் பிறபொருளெதிரி இன்றி மீண்டும் வளர்த்தபோது பழைய குழப்பம் திரும்பியது. புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று இதைக் கொண்டு எண்ணிவிடக் கூடாது. தட்டில் நடப்பது உடலில் அவ்வளவு இலகுவாக நடப்பதில்லை.

மார்பகப் புற்றுக்கட்டி கைக்குக் கடினமாகத் தட்டுப்படுவதற்கும் பெரிதும் காரணம் இந்தத் தாயமே. கட்டியைச் சுற்றிக் கொலாஜன் பெருகுகிறது. லைசில் ஒட்சிடேசு என்னும் நொதியம் அதன் நார்களைப் பிணைத்து இறுக்குகிறது. அந்த இறுக்கம் நோயின் விளைவு மட்டும்தானா? 2005இல் வலரி வீவரின் குழு கூழை மட்டும் இறுக்கமாக்கிப் பார்த்தது. சாதாரண மேலணிக் கலங்களும் ஒழுங்கு குலைந்து பெருகத் தொடங்கின. ஆகவே இறுக்கம் நோயை முன்தள்ளவும் செய்கிறது.

தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மார்பகத்தில் தட்டுப்படும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவது பிழை. புற்றுக்கட்டி தொடக்கத்தில் அநேகமாக வலிப்பதில்லை. வெட்கத்தால் மாதக்கணக்கில் மறைப்போரும் நம்மிடையே உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் பெண்களுக்கென நடத்தும் கிளினிக்குகளில் மார்பகத்தையும் பரிசோதிக்கிறார்கள்.