வெட்டப்பட்ட உடன்படிக்கை

நாமெல்லாம் செய்துகொள்ளும் உடன்படிக்கையைப் பண்டைய எபிரேயர்கள் 'வெட்டினார்கள்' என்றால் ஆச்சரியமாக இல்லையா?

உடன்படிக்கைக்கு அவர்களுடைய சொல் 'பெரீத்'. தளை என்று பொருள்படும் ஓர் அக்காதியச் சொல்லிலிருந்து அது பிறந்ததென்று பண்டிதர்கள் சிலர் கூற, வேறு சிலர் மறுக்க, விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அதனோடு இணைந்து வரும் வினைச்சொல் 'வெட்டுதல்' என்பதில் ஐயமில்லை. விவிலியத்தின் ஆதியாகமத்தில், கடவுளோடு உடன்படிக்கை ஏற்படும் சமயம், எபிரேயர்களின் மூதாதையான ஆபிராம் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்க, காரிருள் சூழ்ந்த வேளையில், புகையும் சூளையும் எரியும் தீவட்டியும் அத்துண்டங்களின் நடுவே கடந்து சென்றதாக வர்ணனை வருகிறது. சற்றுப் பயங்கரமான சடங்குதான்! வாக்கை மீறுவோனுக்கும் அந்தப் பிராணிகளின் கதியே நேரும் என்ற அதன் தாத்பரியத்தை, எரேமியா தீர்க்கதரிசியின் ஆகமம் ஏறக்குறைய வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.