மணியை உடைக்கும் முறை

நோர்வூட்டைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்பவர்க்கு ஓர் உண்மை பள்ளியில் கற்பிக்காமலே தெரிந்தது. ஒரே மலையில் ஒரே நாளில் பறித்த கொழுந்து, தொழிற்சாலையில் எவ்வாறு கசக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து வெவ்வேறு தேயிலையாகின்றது. மெல்லத் திருகப்பட்ட கொழுந்து நீண்ட சுருளாகின்றது. பற்கள் பொருந்திய உருளைகளுக்கிடையே நறுக்குண்ட கொழுந்து சிறு மணியாகின்றது. அழுத்தம் குறைந்தால் சாறு வெளிப்படாது. மிகுந்தால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும். தானியத்தை உடைப்பதிலும் இதே நியதி உண்டு. அதிலும் முளைவிட்ட தானியத்தை உடைக்கும்போது இந்நியதி மிக நுட்பமாகச் செயற்படுகின்றது.

முளைத்தானியம் என்பது யாது? வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து ஈரம் காயாமற் பரப்பி வைத்தால், சில நாட்களில் அது முளைவிடும். அவ்வேளையில் மணிக்குள்ளே நொதியங்கள் தோன்றிப் பெருகுகின்றன. மணியிலுள்ள மாப்பொருளை வெல்லமாக மாற்றுவது அவற்றின் தொழில். முளை நீண்டு வளருமுன் மிதமான சூட்டில் உலர்த்தினால் வளர்ச்சி நின்றுவிடும். நொதியமோ அழியாமல் உள்ளே உறங்கும். இதுவே மோல்ட் எனப்படுவது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைச் சூட்டடுப்புக்கு அனுப்புவது நொதியத்தின் தொழிலை நிறுத்துவதற்காக. மோல்ட் ஆக்குவோர் உலர்த்துவதோ அதே நொதியத்தைக் காப்பதற்காக. பின்னர் மணியை உடைத்து வெந்நீரில் இட்டால், உறங்கிய நொதியம் விழித்துத் தன் தொழிலைத் தொடங்கும்.

மலையகத்துக்கும் வாற்கோதுமைக்கும் உள்ள உறவு, தேயிலைத் தொழிலுக்கும் மலையகத்துக்கும் உள்ள உறவைவிடப் பழையது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைச் செய்கையைத் தொழிலாகத் தொடங்கியது 1867ஆம் ஆண்டில். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே, 1849ஆம் ஆண்டில், சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் சிறியதொரு பியர் ஆக்கும் சாலையை நிறுவினார். குளிர்ந்த காலநிலையும் தெளிந்த நீரும் அவருக்குத் துணையாயின. அவ்வூரில் நெடுங்காலம் நிலைத்திருந்த அத்தொழில், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு மாறியது.

ஐரோப்பிய நாடுகளில் பியரை வீட்டிலேயே ஆக்கும் வழக்கம் தொன்மையானது. பிரித்தானியாவில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று விதித்தது. அவ்விதி 1963ஆம் ஆண்டில் நீங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டில் கையெழுத்தான சட்டம் மறு ஆண்டு முதல் வீட்டுத் தேவைக்கு இடமளித்தது. இம்மாற்றங்களின் பின்னர், ஒரு வேளைக்கு ஐந்து கிலோ மோல்ட்டை உடைக்கக்கூடிய சிறிய யந்திரங்கள் பெருகின. இலங்கையின் நிலை வேறு. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் ஆக்குதல் குற்றமாகும். ஆயினும் அந்த யந்திரங்கள் புகட்டும் பாடம் மதுவோடு முடிந்துவிடுவதன்று. முளைகட்டிய குரக்கனைக் குழந்தையின் கஞ்சிக்கு ஆக்கும் வீட்டுக்கும் அது பயன்படும். எனவே முதலில் பியர் ஆக்குவோரின் முறையையும், அடுத்துக் குரக்கனுக்கு உரிய முறையையும் காண்பது தகும்.

பியர் ஆக்குவோர் மோல்ட்டை மாவாக அரைப்பதில்லை, உடைக்கின்றனர். வாற்கோதுமை மணியைச் சுற்றி உமி உண்டு. உடைத்த மோல்ட்டை ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரமளவு வைத்திருந்தால், மாப்பொருள் வெல்லமாகி நீரில் கரையும். பின் அந்த இனிய நீரைச் சக்கையிலிருந்து வடித்தெடுக்க வேண்டும். அங்கே வடிகட்டியாக நிற்பது உமியே. உமி பெரிய துண்டுகளாக இருப்பின், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இடையிடையே நீர் வழியும் பாதை அமையும். உமி தூளாகிவிட்டால் சக்கை சேறுபோல் இறுகி நீர் நின்றுவிடும். உமியின் துவர்ப்பும் பானத்தில் மிகுதியாக இறங்கும். மறுபுறம், மணி உடையாமல் முழுதாக இருந்தால் வெந்நீர் உள்ளே புகாது; மாப்பொருள் வீணாகும். ஆகவே உமி முழுமைக்கு அண்மையிலும், உள்ளீடு நொய்யாகவும் இருத்தல் வேண்டும். ஒரே மணியின் ஒரு பகுதியைக் காத்து மறுபகுதியை உடைப்பதே இங்கு யந்திரத்தின் கடமை.

இக்கடமைக்கு மிகப் பொருந்துவது உருளை யந்திரம். எதிரெதிராகச் சுழலும் இரண்டு எஃகு உருளைகள் மணியைப் பிடித்து நசுக்குகின்றன, தேய்ப்பதில்லை. உருளையின் மேற்பரப்பில் சொரசொரப்பான வரிகள் இருப்பதால் மணி வழுக்காது. விலை கூடியதாயினும் உமியைக் காப்பதில் இதற்கு இணையில்லை. இரண்டாவது, தட்டு யந்திரம். தென்னமெரிக்காவில் சோளம் அரைக்கப் பயன்படும் கைப்பிடியுள்ள இரும்பு யந்திரம் இவ்வகையைச் சேர்ந்தது. வரியிட்ட இரு தட்டுகளுக்கிடையே மணி தேய்ந்து உடைகின்றது. இது மலிவானது, தட்டுகளைத் தளர்த்தி வைத்தால் மோல்ட்டை உடைக்கலாம், இறுக்கினால் மாவாக்கலாம். மூன்றாவது, கல். வீட்டுத் திருகை அதன் எளிய வடிவம். நான்காவது, சமையலறை மிக்ஸி. அதன் அலகு நசுக்குவதுமில்லை, தேய்ப்பதுமில்லை, வெட்டுகின்றது. உமியும் உள்ளீடும் வேறுபாடின்றிச் சிதறுவதால் பியர் மோல்ட்டுக்கு அது சற்றும் ஏற்றதன்று.

எந்த யந்திரமாயினும் வாங்குபவர் முதலில் நோக்கவேண்டியது இடைவெளியை மாற்றும் வசதி இருக்கின்றதா என்பதையே. வாற்கோதுமை மோல்ட்டுக்கு உருளைகளின் இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவில், அல்லது அதற்குச் சற்று மேற்பட்டு இருப்பது வழக்கம். கோதுமைக்கு உமியில்லை, மணியும் கடினம், ஆதலின் இடைவெளி இன்னும் குறுகவேண்டும். வாகனம் திருத்துவோர் வைத்திருக்கும் மெல்லிய எஃகுத் தகட்டு அளவியால் இதனை அளந்துகொள்ளலாம். எனினும் அளவியைவிட நம்பத்தக்கது கண். ஒரு பிடி மோல்ட்டை உடைத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தால் போதும். முழு மணிகள் தென்பட்டால் இடைவெளி அதிகம். உமி தூளாகி மா மிகுந்தால் இடைவெளி குறைவு. உடைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னர், மோல்ட்டின் நிறையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு நீரைத் தெளித்துப் பிசறினால் உமி தோல்போல் இளகி, கிழியாமல் தப்பும். உருளையை மெதுவாகச் சுழற்றுவதும் அவ்வாறே உமிக்கு நன்மை தரும்.

இனிக் குரக்கனைக் கவனிக்கலாம். தமிழகத்திலிருந்து வந்த முன்னோர் கேப்பை என்று அழைத்த தானியம் இதுவே. இதன் மணி ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் அளவே உடையது. வாற்கோதுமைக்கு வைத்த இடைவெளியில் இதனை இட்டால், மணிகளிற் பல உடையாமலே நழுவி விழும். அன்றியும், குழந்தையின் கஞ்சிக்கு உமி வடிகட்டியாக வேண்டியதில்லை. அது தொண்டையில் உறுத்தும். பியருக்கு எது நன்மையோ அது இங்கே தீமை. ஆதலின் குரக்கன் மோல்ட்டுக்குத் தேய்த்து அரைக்கும் யந்திரமே தக்கது. இறுக்கிய தட்டு யந்திரமோ திருகையோ அத்தொழிலைச் செய்யும். மிக்ஸியும் சிறிதளவுக்கு உதவும். ஆனால் இடையிடையே நிறுத்தி மாவை ஆறவிட வேண்டும். எதில் அரைத்தாலும் மெல்லிய அரிதட்டில் சலித்து, மேலே தங்குவதை மறுமுறை அரைத்துச் சலிப்பது அவசியம்.

திருகையிலும் இடைவெளியுண்டு, அதை ஆள்வது அரைப்பவரின் கை. குழியில் அதிகமாகத் தானியம் இட்டால் மேற்கல் உயர்ந்து நொய் விழும். சிறு சிறு பிடியாக இட்டால் மா விழும். புதிதாகக் கொத்திய கல் மணற்றூளை உதிர்க்கும். ஆகையால் முதலில் சிறிது அரிசியை அரைத்து அதை அகற்றிவிட்ட பின்னரே உணவுக்கு அரைக்கவேண்டும். மிளகாய் அரைத்த யந்திரத்தில் குழந்தைக்குரிய மாவை அரைப்பது தகாது. நகரத்து மில்லுக்குக் கொடுப்போரும் இதனைக் கேட்டறிந்து கொடுப்பது நல்லது.

நோர்வூட் 3,500 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள குளிர்ந்த ஊர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வெயிலைக் காண்பதே அரிது. இங்கு குரக்கன் முளைவிடச் சமவெளியைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும். இரவு முழுவதும் ஊறவைத்துக் கழுவி, ஈரத்துணியில் கட்டி, நாளுக்கு இருமுறை நீர் தெளித்து, வெண்முளை தோன்றியதும் எடுத்துப் பரப்பவேண்டும். உலர்த்துவதில் தாமதித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட மணியைக் கழுவிப் பயன்படுத்தலாகாது, எறிந்துவிடுவதே அறிவுடைமை. மழைக்காலத்தில் அடுப்புக்கு அருகே, கை பொறுக்கும் சூட்டில் உலர்த்தலாம். வாசனைக்காக நெடுநேரம் வறுத்தால் நொதியம் அழிந்து, முளைகட்டிய உழைப்பு வீணாகும். பல்லிற் கடித்தால் நொறுங்கும் அளவுக்கு மணி உலர்ந்த பின்னரே அரைக்கவேண்டும். ஈரமணி தட்டிலும் கல்லிலும் அப்பிக்கொள்ளும். காய்ந்த முளைவேரைக் கையால் தேய்த்துப் புடைத்து நீக்குவதும், கல், மண் பொறுக்குவதும் அதற்கு முந்திய வேலைகள். ஒரு சிறு கல் யந்திரத்தின் தட்டையும் கெடுக்கும், பிள்ளையின் பல்லையும் கெடுக்கும்.

இத்துணை முயற்சி எதற்காக? 2016ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் அத்தொகை நூற்றுக்கு 32. பிள்ளை உயரம் குன்றுவதற்குக் காரணங்கள் பல. வறுமையும், தாயின் உடல்நலமும், குடிநீரின் தூய்மையும் அவற்றுள் அடங்கும். உணவின் செறிவும் அவற்றுள் ஒன்று. மாவைக் கூட்டிக் காய்ச்சினால் கஞ்சி இறுகிக் களியாகின்றது. குழந்தையால் விழுங்க முடிவதில்லை. நீரைக் கூட்டினால் விழுங்குகின்றது. ஆனால் அதன் சிறிய வயிறு நீரால் நிறைந்துவிடுகின்றது. இந்த இக்கட்டைத் தீர்ப்பது முளைத்தானியத்தின் நொதியம். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கிச் சற்று ஆறவிட்டு, ஒரு கரண்டி குரக்கன் மோல்ட் மாவைக் கலந்து கிளறினால், சில நிமிடங்களில் கஞ்சி இளகும். நீர் சேர்க்காமலே இளகுவதால் ஒவ்வொரு கரண்டியிலும் உணவுச்சத்து செறிந்திருக்கும். பின்னர் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்தே ஊட்டவேண்டும். முளைகட்டும் ஈரத்தில் கிருமிகளும் பெருகக்கூடும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு. இக்கஞ்சி அதற்கு மேற்பட்ட வயதினர்க்கே உரியது. குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் இருப்பது மேலதிக நன்மை.

மா நன்கு அரைபடாது பெருநொய்யாக நின்றால், நொதியம் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். கஞ்சி எதிர்பார்த்தவாறு இளகாது. இங்குதான் யந்திரத்தின் தேர்வு குழந்தையின் கிண்ணத்தை வந்து எட்டுகின்றது.

யந்திரத்தைப் பேணும் முறைகள் சிலவே. அரைத்து முடிந்ததும் உலர்ந்த தூரிகையால் துடைக்கவேண்டும். இரும்பு உருளையையும் தட்டையும் நீர்விட்டுக் கழுவினால் துருப்பிடிக்கும். எஞ்சிய மா மழைநாட்டு ஈரத்தில் விரைவில் புளித்து வண்டுக்கு இரையாகும். அரைக்கும்போது எழும் தூசு நெருப்புப் பிடிக்கும் இயல்புடையது. ஆகவே எரியும் அடுப்பருகில் அரைப்பதைத் தவிர்க்கவேண்டும். அந்தத் தூசில் புளிப்பூட்டும் கிருமிகளும் உண்டு. பியர் ஆக்குவோர் புளிக்கவைக்கும் பாத்திரத்தை விட்டு விலகிய இடத்தில் மோல்ட்டை உடைப்பது இதனாலேயே. அரைத்த மாவைவிட முழுமணி நெடுநாள் தாங்குமாதலால், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத போத்தலில் வைப்பது சிக்கனம்.

மாவு எவ்வளவு நைசாக விழுகின்றது என்று பார்த்தே யந்திரத்தை மதிப்பிடுவது பலரது வழக்கம். அரைக்கப்படும் தானியம் யாது, அதில் எது உடையவேண்டும், எது உடையாதிருக்கவேண்டும், உண்பவர் யார் என்னும் நான்கையும் முதலிற் கேட்டுக்கொண்டால், எந்த யந்திரத்தை வாங்குவது, அதை எவ்வளவு இறுக்குவது என்பன தாமே விளங்கும். விலை உயர்ந்த உருளை யந்திரம் இல்லாத லயத்து வீட்டிலும், மூலையிற் கிடக்கும் பழைய திருகை, அதன் இயல்பறிந்த கைக்கு இன்றும் குறைவில்லாத கருவியேயாகும்.