மீன் தொட்டிக்குப் பின்னே ஒரு பழைய கடல்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்களா? அதன் பின்பக்கக் கண்ணாடி வழியாக என்ன தெரிகிறது? மோட்டார் வயர், பிளக் பாயின்ட், சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பு. பெரும்பாலான வீடுகளில் இதுதான் காட்சி. இதை மறைக்கத்தான் மீன் கடைகளில் நீலநிறப் படச் சுருளை அளந்து வெட்டித் தருகிறார்கள். பவளப் பாறை, டால்பின், சில சமயம் மூழ்கிய கப்பல். நன்னீரில் வாழும் தங்கமீனுக்குப் பின்னால் டால்பின் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

கம்ப்யூட்டரும் கேமரா உள்ள செல்போனும் இருந்தால் நமக்கு வேண்டிய படத்தை நாமே தயாரித்துக்கொள்ளலாம். பெரம்பலூர், அரியலூர் வாசகர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி. நம் கால்களுக்குக் கீழே இருப்பதே பழைய கடல்தான்.

காரைக்கு ஒரு முறை போய் வாருங்கள்

சுமார் 10 கோடி வருடங்களுக்கு முன் இந்தப் பகுதியில் கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டிய செம்மண் ஓடைகள் அந்தக் கடலின் அடியில் படிந்த களிமண்தான். நத்தை போலச் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் இங்கே கிடைத்திருக்கின்றன. இந்தப் பாறைகளைப் பற்றி பிளான்ஃபோர்டு 1862-ல் எழுதினார். ஸ்டோலிச்கா இங்குள்ள தொல்லுயிர்களை வகைப்படுத்தினார். அருகில் உள்ள சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரத்தை எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்தார். அரியலூர் பக்கம் வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகமே இருக்கிறது. அப்படியிருக்க, யாரோ எடுத்த பவளப் பாறைப் படத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

காலை அல்லது மாலை வெயிலில் போங்கள். உச்சி வெயிலில் நிழல் விழாது, படம் தட்டையாக இருக்கும். ஓடையின் ஒரு சரிவை நேருக்கு நேர் நின்று எடுங்கள். வானம் படத்தில் வரவே கூடாது. தண்ணீருக்குள் அடிவானம் தெரிந்தால் மொத்த மாயமும் கலைந்துவிடும்.

அங்கிருந்து படத்தை மட்டும் கொண்டு வாருங்கள், கல்லை அல்ல. தொல்லுயிர் எச்சம் ஒன்றை எடுத்து வந்துவிட்டால் அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் அங்கேயே அழிந்துவிடும். மீனுக்கும் அது நல்லதல்ல. சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மை கூடிக்கொண்டே போகும். வினிகர் விட்டால் நுரைக்கும் கல் சுண்ணாம்புக் கல் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் காரையில் பளபளவென்று கிடக்கும் ஜிப்சம் நுரைக்காது. சோதனையில் தப்பித்து உள்ளே போய் மெதுவாகக் கரையும். சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருப்பது வழக்கம். கப்பி, மோலி தாங்கிக்கொள்ளும். நியான் டெட்ரா வைத்திருப்பவர்கள் கவனம்.

கணக்கு முக்கியம்

என் முதல் முயற்சி எப்படிக் கெட்டது என்று சொல்லிவிடுகிறேன். என்னுடையது 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத் தொட்டி. செல்போனில் எடுத்த படத்தை அப்படியே பிரின்ட் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் அளவுக்குப் பொருந்தும்படி இழுத்து அடித்துவிட்டார்கள். செல்போன் படத்தின் நீள உயர விகிதம் 4:3. தொட்டியின் முதுகு 24:15. பக்கவாட்டில் 20 சதவிகிதம் இழுபட்டு, பாறையெல்லாம் ரப்பர் போல ஆகிவிட்டது. நான் கிராப் செய்து கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே கிம்ப் மென்பொருளைத் திறங்கள். இலவசம்தான். கிராப் டூலை எடுத்து, அதன் ஆப்ஷனில் ஃபிக்ஸ்டு என்பதை டிக் செய்து 25:16 என்று டைப் செய்யுங்கள். ஏன் 24:15 இல்லை? நான்கு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் கோணலாக வெட்டினாலும் சமாளிக்க முடியும். 4000 x 3000 பிக்ஸல் படத்தை இப்படி வெட்டினால் 4000 x 2560 கிடைக்கும். 25 அங்குலத்துக்கு 4000 பிக்ஸல் என்றால் அங்குலத்துக்கு 160 புள்ளி. இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இது தாராளம். இமேஜ் மெனுவில் பிரின்ட் சைஸ் போய் ரெசல்யூஷனை 160 என்று வைத்துவிடுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

அடுத்தது ஆழம். தண்ணீர் வழியாகப் பார்க்கும்போது பொருள் அருகில் வந்தது போலத் தெரியும். 12 அங்குல அகலத் தொட்டியின் முதுகு 9 அங்குலத்தில் இருப்பது போலத்தான் கண்ணுக்குப் படும். படத்தில் கூர்மையான கல், பளிச்சென்ற சிவப்பு இருந்தால் அது மீனுக்கு மேலேயே ஏறி நிற்கும். எனவே காஸியன் பிளர் கொஞ்சம் கொடுங்கள். நிறச் செறிவைப் பாதியாகக் குறையுங்கள். புதிய லேயர் ஒன்றில் மேலே வெளிர் நீலம், கீழே கரு நீலம் வரும்படி கிரேடியன்ட் போட்டு, லேயர் மோடை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். செம்மண் ஓடை கடலடியாக மாறுவதைப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மானிட்டரில் தெரியும் அந்த நீலம் பிரின்ட்டில் அப்படியே வராது. கரு நீலம் ஊதாவாக மாறும். ஒரு சாண் துண்டு மட்டும் முதலில் அடித்துப் பாருங்கள்.

இவ்வளவு மெனக்கெட விருப்பமில்லையா? கறுப்பு சார்ட் பேப்பர் போதும். தங்கமீனுக்கு அதைவிட எடுப்பான பின்னணி கிடையாது. வெள்ளை மட்டும் வேண்டாம். பல மீன்கள் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றிக்கொள்ளும், வெளிறிய பின்னணியில் அவையும் வெளிறிவிடும்.

ஒட்டுவது எப்படி?

படம் எப்போதும் கண்ணாடிக்கு வெளியேதான். பிரின்ட் மையும் ஃப்ளெக்ஸ் பிளாஸ்டிக்கும் மீன் நீந்தும் தண்ணீரில் இருக்க வேண்டியவை அல்ல. ஃப்ளெக்ஸில் அடித்தால் மை வாடை போகும்வரை இரண்டு நாள் வெளியே காயவிடுங்கள். என் சிபாரிசு, போட்டோ பேப்பரில் அடித்து பளபளப்பான லேமினேஷன் செய்வது.

வெறுமனே டேப் போட்டு ஒட்டினால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று நின்று, வெள்ளி பூசியது போல் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளியில் ஒரு பகுதி திரும்பி வருவதுதான் காரணம். அந்த இடைவெளியில் கிளிசரின் தடவினால் பளபளப்பு மறைந்துவிடும். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, கண்ணாடிக்கு சுமார் 1.52. கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஒளி திரும்பாமல் நேரே படத்துக்குப் போகிறது. லேமினேஷன் இல்லாத இங்க்ஜெட் பிரின்ட்டில் மட்டும் தடவிவிடாதீர்கள். என் இரண்டாவது படம் அப்படித்தான் நீலச் சாயமாக ஒழுகியது.

தொட்டி காலியாக இருக்கும்போதே ஒட்டுங்கள். நிறைந்த தொட்டியில் சுமார் 70 லிட்டர் தண்ணீர், அதாவது 70 கிலோ. அதை நகர்த்த முயன்றால் கண்ணாடி ஒட்டு பிரியும். உப்புக் கறையை வினிகரால் துடைத்துக் காயவிட்டு, கிளிசரினை மெல்லியதாகப் பூசுங்கள். மேல் விளிம்பிலிருந்து படத்தை இறக்கி, பழைய ஏ.டி.எம். கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றை வெளியேற்றுங்கள். வழிந்ததைத் துடைத்துவிட்டு நான்கு ஓரமும் டேப் போடுங்கள். மேல் ஓரத்தை விட்டுவிட்டால் தெறிக்கும் தண்ணீர் உள்ளே இறங்கும்.

பழைய எல்.சி.டி. மானிட்டரைப் பின்னால் வைத்து வீடியோவே ஓட்டலாமே என்று கேட்கிறார்கள். ஓட்டலாம், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீருக்கு ஒரு சாண் தூரத்தில் மின்சாரம். தவிர, திடீர் அசைவுகள் மீனை மிரட்டும்.

வேலை முடிந்ததும் கிம்ப்பின் எக்ஸ்.சி.எஃப். ஃபைலையும் கேமராவின் ஒரிஜினல் படத்தையும் அழித்துவிடாதீர்கள். நாளைக்கு 36 x 18 அங்குலத் தொட்டி வாங்கினால் 37:19 என்று ஒரிஜினலை மீண்டும் கிராப் செய்ய வேண்டும். அப்போது அங்குலத்துக்கு 108 புள்ளிதான் வரும். பிளர் கொடுத்த படம் என்பதால் அதுவும் போதும்.