துளைக் காளான்களை இனங்காணும் முறை

அரபு மருத்துவ நூல்களைப் பயில்வோர் 'காரீகூன்' என்னும் மருந்துப் பொருளின் பெயரைக் கண்டிருப்பர். இப்னு சீனா (கி.பி. 980–1037) தம் 'அல்கானூன்' நூலில் தனி மருந்துகளின் வரிசையில் அதனைச் சேர்த்துள்ளார். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் தியாஸ்கோரிடீஸ், அதனை ஒரு செடியின் வேர் என்பாரும், மரத்தில் அழுகலினால் தோன்றுவது என்பாரும் உளர் என எழுதினார். அதில் ஆண், பெண் என இருவகை உண்டென்றும் கூறினார். ஒன்பதாம் நூற்றாண்டில் அவருடைய நூல் பக்தாதில் அரபு மொழியாக்கம் பெற்றபோது இக்கருத்துகளும் உடன்வந்தன. உண்மையில் காரீகூன், லார்ச் மரத்தைச் சிதைத்து வாழும் ஒரு துளைக் காளான். அது வேரா, காளானா என்னும் ஐயம் எழக் காரணம், வெளித்தோற்றம் ஒன்றே சான்றாகக் கொள்ளப்பட்டமையாகும்.

துளைக் காளானின் அடிப்புறத்தில் நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கும். அவை சிறு குழல்களின் வாய்கள். அக்குழல்களின் உட்சுவரிலேதான் ஸ்போர் எனப்படும் நுண்வித்துகள் உருவாகின்றன. 1821-இல் ஸ்வீடன் நாட்டறிஞர் எலியாஸ் ஃப்ரீஸ், நுண்வித்துகளைத் தாங்கும் பரப்பு செதிளா, துளையா, முள்ளா என்னும் அடிப்படையில் காளான்களை வகுத்தார். எளிய முறையாதலால் அது நெடுங்காலம் நிலைத்தது. ஆயினும் துளையுடைய அனைத்தும் ஒரே குடும்பத்தவை என்பது சரியன்று. 1900-இல் பிரெஞ்சு மருந்தியலார் நார்சிஸ் பத்துயார், நுண்ணோக்கியில் காணும் உள்ளமைப்பே வகைப்பாட்டிற்கு உறுதியான அடிப்படை என்பதை நிலைநாட்டினார்.

அடுத்த பெரும்படி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய இ.ஜே.எச். கார்னர் எடுத்து வைத்தது. காளானின் உடல் நுண்ணிழைகளால் ஆனது. அவ்விழைகள் மூவகைப்படும் என்று 1932-இல் அவர் விளக்கினார். வளர்ச்சிக்கும் நுண்வித்து உருவாக்கத்திற்கும் உரியவை ஆக்க இழைகள். தடித்த சுவருடன் நீண்டு உடலுக்கு உறுதி தருபவை சட்டக இழைகள். கிளைத்துப் பின்னி ஏனையவற்றைக் கட்டுபவை பிணைப்பு இழைகள். ஆக்க இழைகள் மட்டுமே உள்ளதா, இருவகை உள்ளதா, மூவகையும் உள்ளதா என்பது முதல் வினா. ஆக்க இழையின் குறுக்குச் சுவரருகே கைப்பிடி போல் வளைந்த பிடிப்பு இணைப்பு உண்டா என்பது இரண்டாவது. நுண்வித்தின் வடிவம், அளவு, சுவர் ஆகியன மூன்றாவது. தடித்த பழுப்பு முட்கள் உளவா என்பது நான்காவது.

செய்முறை எளியதே. காளானைச் சவர அலகினால் மிக மெல்லியதாகச் சீவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நோக்குவர். பல்லாண்டு உலர்ந்து கிடந்த மாதிரியின் இழைகளும் அக்கரைசலில் மீண்டும் விரியும். ஒருசாரார் குடும்பத்தின் பழுப்புத் திசு அதில் கருமையாக மாறும். அதுவே ஓர் அடையாளம்.

இதனால் விளையும் பயனை மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிற் காணலாம். தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் உழைத்த அத்தோட்டங்களை வெண்வேர், செவ்வேர், பழுப்புவேர் என்னும் மூன்று நோய்கள் தாக்கின. மூன்றிலும் இலை மஞ்சளித்து உதிர்ந்து மரம் மடியும். மூன்றிற்கும் காரணம் துளைக் காளான்களே. ஆனால் உள்ளமைப்பு வேறு. வெண்வேர்க் காளானில் ஆக்க இழைகள் மட்டுமே உள. பிடிப்பு இணைப்பு இல்லை. செவ்வேர் நோய்க்குரிய கனோடெர்மாவில் மூவகை இழைகளும் உள. அதன் நுண்வித்து இரட்டைச் சுவருடன் ஒரு முனை வெட்டுண்டது போலிருக்கும். பழுப்புவேர்க் காளானின் திசு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கறுக்கும்.

அப்பழுப்புவேர்க் காளானோ, பிலிப்பைன்ஸில் முன்னரே பெயரிடப்பட்ட வேறோர் இனமாகவே கருதப்பட்டு வந்தது. கார்னர் இரண்டையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார். பிலிப்பைன்ஸ் இனத்தின் குழற்சுவரில் முட்செல்கள் இருந்தன. நோய்க் காளானின் குழற்சுவரில் அவை இல்லை. திசுவினுள் நீண்ட முள்ளிழைகளே இருந்தன. எனவே 1932-இல் அதனைத் தனியினமாக அறிவித்து, 'தீங்கு விளைப்பது' எனப் பொருள்படும் 'நாக்சியஸ்' என்னும் பெயரிட்டார். ஃபோமஸ் பேரினத்தில் அவர் வைத்த அது 1965-இல் ஃபெல்லினஸுக்கும், மரபணு ஆய்வின் துணையால் 2018-இல் பைரோடெர்மாவுக்கும் மாற்றப்பட்டது. பேரினம் இருமுறை மாறியும், கார்னர் பிரித்துக் காட்டிய இனம் இனமாகவே நிற்கின்றது என்பது நோக்கத்தக்கது.

காரீகூனுக்கும் இது பொருந்தும். உலர்ந்து துண்டாகிப் பொடியான மருந்தில் வெளித்தோற்றம் ஏது? இழையும் நுண்வித்துமே எஞ்சும் சாட்சிகள். அக்காளான் அழியும் நிலையிலுள்ள இனமென 2019-இல் உலகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேறொன்றை அதுவென நம்பி உண்பதும், அதனை வேறொன்றென எண்ணி வெட்டியெறிவதும் இழப்பே. ஆகவே பெயரிடுமுன் உள்ளே நோக்குவது அறிஞர் கடமை மட்டுமன்று. அப்பெயரை நம்பி மருந்துண்போருக்கும் மரம் வளர்ப்போருக்கும் அதுவே பாதுகாப்பு என்பதை நாம் உணர்தல் வேண்டும்.