பொய்யாக எரியும் பெட்ரோல் விளக்கு: பழைய கார்வெட் வைத்திருப்பவர்களுக்கு

டேங்க் நிரம்பப் பெட்ரோல் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே முள் சரேலென்று காலிக்கு விழுகிறது. எரிபொருள் குறைவு என்று விளக்கு எரிகிறது. பிறகு முள் தானாகவே மேலே ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் 1997 முதல் 2004 வரையிலான மாடல்களாக வந்த ஐந்தாம் தலைமுறை செவர்லே கார்வெட்டை ஓட்டுபவர்கள் பலருக்கு இது பழகிப்போன தொல்லை. அந்தப் பழக்கம்தான் பயமுறுத்துகிறது. பலமுறை பொய்யாக எரிந்த விளக்கு, நிஜமாகவே பெட்ரோல் தீரும் நாளில் எரிந்தாலும் ஓட்டுபவர் கண்டுகொள்ள மாட்டார்.

இந்தக் காருக்கு டேங்க் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து சுமார் 70 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொன்றிலும் மிதவை பொருத்திய சென்சார் உண்டு. மிதவை ஏறி இறங்கும்போது அதன் கை மின்தடைப் பட்டை ஒன்றின்மேல் உரசிக்கொண்டே நகரும். அந்த மின்தடையைப் படித்துத்தான் காரின் கணினி பெட்ரோல் எவ்வளவு என்று கணக்கிடுகிறது. உரசும் இடத்தில் இருப்பது வெள்ளி. பெட்ரோலில் கலந்துவரும் சில கந்தகச் சேர்மங்கள் பட்டால், வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதுபோல இதுவும் கறுத்துவிடும். படலம் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். படிக்க முடியாத கணக்கைக் கணினி ‘காலி’ என்று காட்டிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பழுதுதான் இன்னும் மோசம். என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் இடப்பக்க டேங்கில் இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து பெட்ரோல் இங்கே இழுக்கப்பட வேண்டும். அந்த இழுப்பு தடைப்பட்டால், வலப்பக்கத்தில் பெட்ரோல் மிச்சமிருக்கும்போதே வண்டி நின்றுவிடக்கூடும்.

வேகத்தில் என்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கும் இரண்டொரு மிதிக்குமேல் இறுகிவிடும். வேகம் மிச்சமிருக்கும்போதே வலது ஓரத்துக்கு ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள். முன்னெச்சரிக்கை என்று பெட்ரோல் கேனைப் பின்னால் வைத்துக்கொள்ளவே கூடாது. கூப்பே மாடலில் சாமான் வைக்கும் இடமும் நீங்கள் உட்காரும் இடமும் ஒன்றுதான். ஆவி நேராக உங்கள் மூச்சில் கலக்கும்.

சரிசெய்ய வழி உண்டு. பாலிஈதர்அமைன் கலந்த சுத்திகரிப்பு திரவத்தைப் பெட்ரோலில் ஊற்றினால் படலம் கரைந்து முள் ஒழுங்காவதுண்டு. கேட்காவிட்டால் சென்சாரை மாற்றுவதுதான் கதி. அதுவரை பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, நகர ஓட்டத்தில் 200 மைல் ஆனதும் முள் என்ன காட்டினாலும் நிரப்பிவிடுங்கள். டேங்கை வறள விட்டால் பெட்ரோலில் மூழ்கிக் குளிரும் பம்பும் சூடேறிக் கெடும்.

பெட்ரோல் பங்க் ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். 2004 மே மாதம் புளோரிடா, லூசியானா மாநிலங்களில் கந்தகம் மிகுந்த பெட்ரோலால் பலரின் பெட்ரோல் மீட்டர் கெட்டது. நூற்றுக்கணக்கான நிலையங்களில் விற்பனை நிறுத்தப்பட்டது. பழுதுச் செலவைத் தர அந்தப் பெட்ரோலை விற்ற ஷெல் நிறுவனம் முன்வந்தது. எங்கே, எப்போது போட்ட பெட்ரோல் என்று காட்ட அந்த ரசீதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. பாதுகாப்புக் குறைக்காக ஒரு காரைத் திரும்ப அழைத்தால் உற்பத்தியாளர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்தக் கார் முதன்முதலில் விற்கப்பட்டு 15 ஆண்டு கடந்திருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. இந்தக் கார்வெட்கள் எல்லாமே அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அதற்காகப் புகார் செய்யாமல் இருக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் எவரும் இலவசமாகப் புகார் தரலாம். விபத்து நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. விசாரணை தொடங்குவதா என்று முடிவெடுக்கும்போது இந்தப் புகார்களையும்தான் பார்க்கிறார்கள்.

இப்போது வாங்கப் போகிறவர்கள் டீலரிடம் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ‘வாங்குபவர் வழிகாட்டி’யைப் படியுங்கள். மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிப்படி அது கட்டாயம். தனியாரிடம் வாங்கும்போது அது இருக்காது. “உள்ளது உள்ளபடி” என்ற கட்டம் குறிக்கப்பட்டிருந்தால், நாளைக்குச் சென்சார் கெட்டால் செலவு உங்களுடையது. சில மாநிலங்கள் டீலர்கள் அப்படி விற்பதை அனுமதிப்பதில்லை. முள்ளைச் சரிசெய்து தருகிறேன் என்று டீலர் வாயால் சொன்னால், கையெழுத்துப் போடுமுன் அதை அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.