அடிபட்ட வீரரை அணியில் சேர்க்கலாமா?

குட்டி நண்பர்களே, இன்று ஒரு கணக்கில் தொடங்குவோம். உங்கள் கையில் 4 கோடியே 40 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதற்குள் ஒரு முழு கபடி அணியைச் சேர்க்க வேண்டும். ஏலத்தில் ஒரே ஒரு வீரருக்கு விலை ஏறிக்கொண்டே போய் 2 கோடியே 26 லட்சத்தில் நிற்கிறது. வாங்குவீர்களா, விட்டுவிடுவீர்களா?

வாங்குவது என்று முடிவு செய்தது நம் தமிழ் தலைவாஸ் அணி. 2022 ஆகஸ்டில் மும்பையில் நடந்த புரோ கபடி லீக் ஏலம் அது. அந்த வீரர் பவன் செராவத். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. நான் கணக்கு டீச்சராக இருந்தவள்; பின்னம் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? மொத்தப் பணத்தில் பாதிக்கும் மேல்!

அவர் லேசுப்பட்ட ஆளும் இல்லை. பெங்களூரு புல்ஸ் அணிக்காக 2019-ல் ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டு புள்ளிகள் எடுத்தவர். ரெய்டு என்றால் வேறொன்றுமில்லை, நாம் 'பாடிப் போவது' என்று சொல்கிறோமே, அதுதான். தொடர்ந்து மூன்று தொடர்களில் மிக அதிக ரெய்டு புள்ளிகள் எடுத்தவரும் இவரே. தமிழ் தலைவாஸோ 2017-ல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து ஒருமுறைகூட பிளே-ஆப் சுற்றை எட்டிப் பார்த்ததில்லை. ரசிகர்கள் எவ்வளவு ஆசையோடு காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

2022 அக்டோபர் 8. பெங்களூருவில் தலைவாஸின் முதல் ஆட்டம். எதிரில் குஜராத் ஜெயண்ட்ஸ். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பாடி வந்த குஜராத் வீரரைப் பிடிக்கப் போன பவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அந்தத் தொடரில் அவர் மறுபடி களம் இறங்கவே இல்லை.

பாடப் போவதில் சூரர், அடிபட்டதோ பிடிக்கப் போனபோது!

அன்றே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். 'ஒரே ஆளை நம்பிப் பாதிப் பணத்தைக் கொட்டியது தப்பு' என்றது ஒரு கட்சி. 'காயம் வரும் என்று யாருக்கு ஜோசியம் தெரியும்? நல்ல வீரரை எடுத்தது சரிதான்' என்றது இன்னொரு கட்சி. டீக்கடை, பஸ், பள்ளிக்கூட வராந்தா எங்கும் இதே பேச்சு.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பவன் இல்லாத அந்த அணி, தன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக பிளே-ஆப் போனது! நரேந்தர் என்ற புதுமுகம் அந்தத் தொடரில் 243 ரெய்டு புள்ளிகள் குவித்தார். உ.பி. யோத்தாஸுடன் நடந்த ஆட்டம் 36-36 என்று சமமாகி, டை-பிரேக்கரில் 6-4 என்று தலைவாஸ் வென்றது. அரையிறுதியில் புனேரி பால்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

"அப்படியானால் அந்த 2 கோடியே 26 லட்சம் வீண்தானே?" என்று கேட்கிறீர்களா? பொறுங்கள். அதற்கு முன்னால் நம் முழங்காலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம்தான் முழங்கால். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பவை லிகமெண்ட் என்ற உறுதியான நார்கள். முழங்காலின் இரு பக்கமும் ஒவ்வொரு நார். உள்ளே பெருக்கல் குறிபோலக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நார். ஓடிக்கொண்டே இருக்கும்போது சடக்கென்று நின்று திரும்புகிறோம் இல்லையா? அப்போது கீழ்க்கால் நழுவி முன்னால் போய்விடாமல் இழுத்துப் பிடிப்பது உள்ளே இருக்கும் நார்களில் ஒன்று. கபடி, கூடைப்பந்து, கால்பந்து எல்லாமே இப்படித் திடீரென்று நின்று திரும்புகிற ஆட்டங்கள். அதனால்தான் இவற்றை ஆடுகிறவர்களுக்கு முழங்கால் காயம் அதிகம்.

தோலில் கீறினால் நாலு நாளில் ஆறிவிடும். எலும்பு முறிந்தால்கூட மாவுக்கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும். உள்ளே இருக்கும் இந்த நார் முழுக்க அறுந்தால் தானாக ஒட்டுவது அரிது. போதிய ரத்த ஓட்டம் அங்கே இல்லை என்பது ஒரு காரணம். விளையாட்டு வீரர்களுக்குக் காலின் வேறொரு பகுதியிலிருந்து நார் எடுத்து, அறுந்த இடத்தில் பொருத்துவார்கள். அந்தப் புது நார் பலம் பெற்று மறுபடி களத்தில் இறங்கப் பெரும்பாலும் ஒன்பது மாதமாவது ஆகும். கால் வீக்கம் ஆறு வாரத்தில் வடிந்துவிடலாம். நடக்கலாம், மாடிப்படி ஏறலாம். 'எனக்குச் சரியாகிவிட்டது' என்று மனசும் சொல்லும். அங்கேதான் ஆபத்து. உள்ளே நார் இன்னும் பச்சைப் பிள்ளைதான்!

இப்போது பவன் கதைக்குத் திரும்புவோம். அடுத்த தொடருக்குத் தமிழ் தலைவாஸ் அவரைத் தக்கவைக்கவில்லை. ரசிகர்கள் சண்டையில் இரண்டாம் சுற்று தொடங்கியது. காயம்பட்ட காலை நம்பி மறுபடி பணம் போடலாமா? 2023 ஜூனில் தென்கொரியாவின் பூசான் நகரில் நடந்த ஆசிய கபடிப் போட்டியில் இந்திய அணிக்கு அவரே கேப்டன். கோப்பை இந்தியாவுக்கு. அக்டோபர் 7-ந் தேதி சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி இறுதியாட்டம். ஈரானை 33-29 என்று வென்று தங்கம். அதற்கும் கேப்டன் அவரே. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 9-ல் ஏலம். தெலுங்கு டைட்டன்ஸ் அணி 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்து அவரை எடுத்தது. அடிபடுவதற்கு முன்பு கிடைத்ததைவிட அதிக விலை!

'பார்த்தாயா, நாங்கள் சொன்னோமே!' என்று ஒரு கட்சி குதித்திருக்கும். ஆனால் அந்தத் தொடரில் பவன் 200 ரெய்டு புள்ளிகளுக்கு மேல் எடுத்தும் தெலுங்கு டைட்டன்ஸ் கடைசி இடத்தில் முடிந்தது. அவரை விட்டுக்கொடுத்த தலைவாஸும் பிளே-ஆப் போகவில்லை. எந்தக் கட்சியும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. 2025 ஏலத்தில் அதே பவனை அதே தலைவாஸ் மறுபடி வாங்கியது. விலை 59 லட்சத்து 50 ஆயிரம். சில ஆட்டங்களிலேயே அவர் அணியை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்தத் தடவை காரணம் காயமில்லை. அது வேறு விவகாரம், நமக்கு வேண்டாம்.

பவனை முதலில் வாங்கியபோது அவருக்குக் காயம் இல்லை. காயம் இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தே வாங்கிய கதைகளும் உண்டு. 2022 பிப்ரவரியில் ஐ.பி.எல். ஏலம். இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஜோப்ரா ஆர்ச்சருக்கு முழங்கையில் பிரச்னை. அந்த வருடம் ஆட முடியாது என்பது எல்லா அணிகளுக்கும் தெரியும். மும்பை இந்தியன்ஸ் 8 கோடி கொடுத்து எடுத்தது. அடுத்த வருடம் வரட்டும் என்று காத்திருந்தது. 2023-ல் வந்தார், 5 ஆட்டம் ஆடினார், 2 விக்கெட் எடுத்தார், காயத்தோடு ஊருக்குத் திரும்பினார்.

அமெரிக்கக் கூடைப்பந்திலும் இப்படி ஒன்று உண்டு. கேமரூன் நாட்டிலிருந்து போய் அங்கே கல்லூரி அணியில் ஆடிய ஜோயல் எம்பீடுக்கு 2014-ல் பாதத்தில் அறுவை சிகிச்சை. இருந்தும் பிலடெல்பியா அணி மூன்றாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு முழு வருடம் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ரசிகர்கள் எவ்வளவு பொறுமை காட்ட வேண்டியிருந்திருக்கும்! 2023-ல் அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு.

நம் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர். திரும்பி வந்த சில மாதங்களில், 2021 ஏப்ரலில், முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்த ஐ.பி.எல். தொடரில் அவர் ஆடியது இரண்டே ஆட்டம். 'அவ்வளவுதான், முடிந்தது' என்று பேசியவர்கள் உண்டு. 2022 ஏலத்தில் ஹைதராபாத் அணி 4 கோடி கொடுத்து அவரைத் திரும்ப எடுத்தது. 11 ஆட்டங்களில் 18 விக்கெட்! இவரை எடுத்தது சரி, ஆர்ச்சரை எடுத்தது தப்பு என்று இன்றைக்கு நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஏலம் நடந்த அன்று யாரால் சொல்ல முடிந்திருக்கும்?

எனக்கு இந்த விவாதங்களில் ஒரு குறை உண்டு. எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அணிக்குப் பணம் போனால் அடுத்த வருடம் வந்துவிடும். முழங்கால் அப்படி இல்லையே.

எங்கள் பெரும்பாக்கத்துக்கு வாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே கொஞ்சம் மண் தரை இருந்தால் போதும், சாயங்காலம் அங்கே கபடிக் கோடு விழுந்துவிடும். பக்கத்துக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடியவர். அந்தச் செய்தி வந்ததிலிருந்து இங்கே பெண் பிள்ளைகளுக்குக் கபடி ஆசை இரண்டு மடங்காகிவிட்டது. கபடி இங்கே வெறும் பொழுதுபோக்கு இல்லை. சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், பிறகு ஒரு வேலை என்று வீட்டில் பெரியவர்களும் கணக்குப் போடுகிறார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், சுவர் ஓரமாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு பள்ளியில் டி.சி. வாங்கிக்கொண்டு புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். பாடிப் போனால் மூன்று பேரைத் தொடாமல் திரும்ப மாட்டாள். ஆனால் பழைய பள்ளியிலேயே விழுந்து இடது முழங்காலில் அடி. பத்து நாளில் மண்டல அளவிலான போட்டி.

"புதுசா வந்தவ, கால்ல அடியோட வந்தவ. அவளுக்கு டீம்ல எடம்னா நாங்க மூணு வருஷமா ஆடுனது எதுக்கு?" என்றாள் ஒருத்தி.

"அவ பாதி மேட்ச் ஆடுனாலே நாம ஜெயிச்சிடுவோம்டி!"

"பாதியில விழுந்துட்டா? நீ தூக்கிட்டுப் போவியா?"

என்னைப் பார்த்ததும், "டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்று திரும்பினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. மூன்று வருடம் ஆடியவளின் வருத்தம் பொறாமை இல்லை. ஜெயிக்க ஆசைப்படுவதும் குற்றம் இல்லை. நான் பார்த்தது அந்தப் புதுப் பெண்ணைத்தான். முழங்கால் வரை மூடிய பேன்ட் போட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றாள். தனியாகக் கூப்பிட்டு, "வலிக்குதாம்மா?" என்றேன்.

"ராத்திரி மட்டும் டீச்சர். மாடி இறங்குறப்போ மடங்குற மாதிரி இருக்கு. சொன்னா பேரை எடுத்துடுவாங்க."

மடங்குகிற மாதிரி இருக்கிறது! குழந்தைகளே, இதைக் கேட்டால் டாக்டர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். விழும்போது உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டது, ஓரிரு மணி நேரத்தில் வீங்கியது, கால் ஊன்ற முடியவில்லை, நடக்கும்போது நழுவுகிறது: இதில் எது இருந்தாலும் மறைக்கக் கூடாது. உடனே எண்ணெய் போட்டு உருவவும் கூடாது. நம் வீடுகளில் 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று காலைப் பிடித்து இழுப்பார்கள், அது இன்னும் மோசம். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, டாக்டரிடம் போக வேண்டும். உங்கள் வயதில் எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த வளரும் பகுதியில் அடிபட்டுக் கவனிக்காமல் விட்டால் காலின் வளர்ச்சியே கோணலாகலாம். பவனுக்கு டாக்டர், பிசியோ என்று ஒரு படையே காவல் இருந்திருக்கும். இந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் அவள் அம்மாவோடு அரசு மருத்துவமனைக்குப் போனாள். நார் அறுந்துபோகவில்லை, இழுபட்டிருக்கிறது என்று சொல்லி, ஆட்டத்துக்கு ஓய்வும், தினம் செய்யப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். பள்ளியில் பி.டி. சார் பன்னிரண்டு பேர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்கவில்லை. ஆனால் அணியோடு அவளையும் அழைத்துக்கொண்டு போனார். எதிரணியில் யார் எந்தப் பக்கம் பாடி வருகிறார்கள் என்று கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து சொல்வது அவள் வேலை. முதல் ஆட்டம் ஜெயித்தோம், இரண்டாவதில் தோற்றோம். அவள் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று இன்னமும் ஒரு கட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆறு வாரம் கழித்து, டாக்டர் சரி என்றபின், பி.டி. சார் மைதானத்தில் அவளுக்கு ஒரு பரீட்சை வைத்தார். பெரிய அணிகளிலும் இதைத்தான் செய்கிறார்கள். ஒற்றைக்காலில் நின்று, அதே காலில் முடிந்தவரை தூரம் தாண்ட வேண்டும். இரண்டு காலிலும் தாண்டி அளந்து பார்ப்பார்கள். அடிபட்ட கால், நல்ல கால் தாண்டும் தூரத்தில் 100-க்கு 90 பங்காவது தாண்டினால்தான் அடுத்த படி. அவளோடு சண்டை போட்ட பெண்தான் டேப்பைப் பிடித்திருந்தாள். வலது கால் 140 சென்டிமீட்டர், இடது கால் 119. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நீங்களே கணக்குப் போடுங்கள்" என்றேன். மண்ணிலேயே குச்சியால் எழுதிப் போட்டார்கள்: 85.

"அடுத்த திங்கட்கிழமை மறுபடி பார்ப்போம்" என்று சொல்லி டேப்பைச் சுருட்டினார் பி.டி. சார்.